நாய்க்குச் சோறு போடுறதுக்கும் நேரம் இருக்கு, அளவு இருக்கு, இடம் இருக்கு (நீண்ட பதிவு)

1/
விஸ்வநத்தத்துல காலையில ஏழு மணிக்குள்ள பாதி வீடு பூட்டியாச்சு. பட்டாசு ஆபீஸ் வேன் வந்துரும், பிரஸ்ஸுக்குப் போறவங்க பைக்க எடுத்துருவாங்க. கிளம்புற அவசரத்துல ராத்திரி மிச்சம் எது இருக்கோ அத வாசல் ஓரமா கொட்டிட்டு, நாய அவுத்து விட்டுட்டுப் போறோம். சாயங்காலம் நாம வரும்போது அதுவும் வரும். இதுக்குப் பேரு நாய் வளர்ப்பு இல்லைங்க. தெருவுக்கு ஒரு நாய நேர்ந்து விடுறது.

2/
கோபம் வரும். முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.
நான் கால்நடை மருத்துவர் இல்ல. மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்குறவன். அப்புறம் எதுக்கு நாய் சோத்துல தலையிடுறேன்? அந்தச் சோறு தப்பான நேரத்துல, தப்பான இடத்துல விழுந்தா அதோட கணக்கு கடைசியில எங்க ஓபி சீட்டுலதான் வந்து நிக்குது. நாய்க்கடி, எலிக்காய்ச்சல், கல்லீரல்ல நீர்க்கட்டி, ரேபீஸ். நாலுக்கும் ஒரு நுனி சோத்துத் தட்டுல இருக்கு.

3/
நான் சொல்ல வர்றது மூணே விஷயம்.
நேரம்: தினமும் ஒரே நேரம்.
அளவு: அளந்து போடணும்.
இடம்: கேட்டுக்கு உள்ள, அதுக்குன்னு ஒரு தட்டு.
இதுல எதுக்கும் பெரிய காசு வேணாம். ஆனா இதத்தான் நாம செய்யமாட்டேங்கிறோம். "வாயில்லா ஜீவன், கிடைக்கிறத தின்னும்"னு சொல்லித் தப்பிச்சுக்கிறோம்.

4/
முதல்ல நேரம்.
பால் மறந்த குட்டி: 3-4 மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு 4 வேளை. ஆறு மாசம் வரைக்கும் 3 வேளை. அதுக்கு மேல வளர்ந்த நாய்க்குக் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரெண்டே வேளை.
தட்டு வச்சு 20 நிமிஷம். தின்னா தின்னுச்சு, இல்லைன்னா தட்ட எடுத்துருங்க. தண்ணி மட்டும் நாள் முழுக்க இருக்கணும். நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு ரெண்டு மூணு தடவை மாத்தி வைங்க.

5/
"டாக்டர், ஒரு நாளைக்கு ஒரு வேளை போட்டாத்தான் நாய் ஆரோக்கியமா இருக்கும்னு அமெரிக்காவுல கண்டுபிடிச்சிருக்காங்களே?" இந்த ஃபார்வர்டு எனக்கும் வந்துச்சு.
அந்த ஆய்வு உண்மைதான். 2022ல வந்தது, 24,000 நாய்க்கு மேல கணக்குல எடுத்தாங்க. ஒரு வேளை சாப்பிடுற நாய்களுக்குச் சில நோய்கள் குறைவா இருந்துச்சு. ஆனா அது வளர்க்குறவங்க நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாள வச்சு, ஒரே நேரத்துல எடுத்த கணக்கு. எது முன்னாடி வந்துச்சுன்னு அதுல தெரியாது.

6/
யோசிச்சுப் பாருங்க. குடல் நோய் வந்த நாய்க்கு டாக்டரே "கொஞ்சம் கொஞ்சமா பல வேளையா குடுங்க"ன்னு சொல்லுவார். அப்ப பல வேளை சாப்பிடுற கூட்டத்துல நோயாளி நாய் அதிகமாத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில இருக்குறவங்கள்லாம் கஞ்சி குடிக்கிறாங்க, அதனால கஞ்சி குடிச்சா நோய் வரும்னு சொல்ற மாதிரி ஆயிரும். அந்த ஆராய்ச்சியாளர்களே "இத வச்சு உங்க நாயோட வேளைய மாத்தாதீங்க"ங்கிற தொனியிலதான் எழுதியிருக்காங்க. ஃபார்வர்டு பண்றவர் அந்த வரிய வெட்டிட்டார்.

7/
நம்ம மாவட்டத்துக்கு இதுல இன்னொரு ஆபத்து இருக்கு.
ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி. நம்ம பக்கத்து நாய் எல்லாமே ஒடுங்கின வயிறு, ஆழமான மார்புக்கூடு. இந்த உடல்வாகு உள்ள பெரிய நாய்க்கு நாள் பூரா பட்டினி போட்டு ராத்திரி ஒரே தடவையா ஒரு சட்டிச் சோறு வச்சா, வயிறு உப்பி முறுக்கிக்கிற ஆபத்து கூடும். வாந்தி எடுக்கப் பார்க்கும், ஒண்ணும் வராது. வயிறு மத்தளம் மாதிரி இருக்கும். ஆபரேஷன் பண்ணலைன்னா சில மணி நேரத்துல செத்துரும். 2005ல தபால்தலை போட்டுப் பெருமைப்படுத்தின இனம் ராஜபாளையம். அத ஒரு சட்டிச் சோத்துல சாகடிக்காதீங்க.

8/
எதிர்ப்பக்கம் இன்னொரு கோஷ்டி. பாக்கெட் தீனிய தட்டு நிறைய கொட்டி வச்சுட்டு "வேணுங்கிறப்ப தின்னுக்கட்டும்"னு விடுறவங்க. காசு செலவழிக்கிறதால இவங்க செய்றது சரின்னு ஆயிராது.
இவங்களுக்கு ஒரு கணக்கு. 48 லாப்ரடார் நாய்கள ஜோடி ஜோடியா பிரிச்சு, ஒண்ணு தின்ன அளவுல கால்பங்கு குறைச்சு இன்னொண்ணுக்குக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கப் பார்த்தாங்க. முடிவு 2002ல வந்துச்சு. குறைச்சுத் தின்ன நாய்களோட சராசரி ஆயுள் 13 வருஷம். மத்ததுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அதுகளுக்குத் தள்ளித்தான் வந்துச்சு.
கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். நாயோட ஆயுசுல ரெண்டு வருஷம்னா சும்மாவா?

9/
இப்ப அளவு.
கருத்தடை செஞ்ச 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமாரா 1,000 கலோரி போதும். வேட்டைக்கு ஓடுற நாய்க்குக் கூட, சோபாவுல தூங்குற நாய்க்குக் குறைய.
ஒரு கப் சோறு 200 கலோரி. அப்ப வெறும் சோறா போட்டா 5 கப். வயிறு நிறைஞ்சுரும். ஆனா அதுல இருக்குற புரதம் 20 கிராம்தான். தேவை அதுல ரெண்டு மடங்குக்கு மேல. நம்ம ஊரு நாய்ங்க வயிறு பெருத்து, முதுகெலும்பு தெரிஞ்சு, முடி கொட்டி நிக்கிறதுல பாதிக் கதை இதுதான். மீதிப் பாதி குடல்புழு.

10/
"நாய்க்குச் சோறே ஆகாது, ஓநாய் பரம்பரை"ன்னு வீடியோ போடுறவங்கள நம்பாதீங்க. மனுஷனோட சேர்ந்து வாழ்ந்து வாழ்ந்து, மாவுச்சத்த செரிக்கிற மரபணு நாய்க்குப் பல மடங்கு பெருகியிருக்குன்னு 2013லயே காட்டியாச்சு. சோறு, கம்பு, கேப்பை எல்லாம் வேகவச்சுக் கொடுத்தா நல்லாவே செரிக்கும்.
மேல சொன்ன நாய்க்கு 3 கப் சோறு, 2 அவிச்ச முட்டை, 100 கிராம் எலும்பில்லாம வேகவச்ச கோழிக்கறி, ஒரு ஸ்பூன் எண்ணெய். உப்பு, மசாலா வேணாம். ரெண்டா பிரிச்சுக் காலை, மாலை. கணக்கு ஏறக்குறைய சரியா வரும். கால்சியம் மட்டும் இதுல பத்தாது. குட்டிக்கு அது பத்தலைன்னா கால் வளையும். என்ன சேர்க்கணும், எவ்வளவுன்னு கால்நடை மருந்தகத்துல கேளுங்க.

11/
விருதுநகர் மாவட்டம்னா பொரிச்ச பரோட்டாவும் சால்னாவும். ராத்திரி மிச்சமான சால்னாவ சோத்துல பிசைஞ்சு நாய்க்கு வைக்கிறது நம்ம வழக்கம்.
சால்னாவுல பாதி வெங்காயம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனையோட சிவப்பணுக்கள உடைக்கும். பச்சையா இருந்தாலும் உடைக்கும், வதக்கினாலும் உடைக்கும். ரெண்டு மூணு நாள் கழிச்சு ஈறு வெளுத்துப் போகும், மூத்திரம் கட்டங்காப்பி நிறத்துல வரும். "என்னமோ காத்து கருப்பு பட்டுருச்சு"ன்னு வேப்பிலை அடிச்சுக்கிட்டு இருப்போம்.
பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராமே போதும். 4 கிலோ பூனைக்கு ரெண்டு மூணு சின்ன வெங்காயம்.
திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம்ல வர்ற சைலிட்டால், வேகவச்ச கோழி எலும்பு. இதெல்லாமும் வேணாம்.

12/
கறிக்கடைப் பக்கம் வருவோம்.
ஆட்டு நுரையீரல், ஈரல்ல நீர்க்கட்டி இருந்தா கடைக்காரர் அத வெட்டி நாய்க்கு எறிவார். புண்ணியம்னு நினைப்பார். அந்தக் கட்டிக்குள்ள இருக்குறது நாடாப்புழுவோட இளம்பருவம். நாயோட குடல்ல அது ஆறேழு வாரத்துல வளர்ந்துரும். மலத்துல முட்டை வரும். நாயத் தடவின கையோட நம்ம பிள்ளை சோத்த அள்ளித் திங்கும். பல வருஷம் கழிச்சு "டாக்டர், வலது பக்கம் ஏதோ அழுத்துது"ன்னு ஸ்கேன் எடுத்தா கல்லீரல்ல தேங்காய் அளவு கட்டி.
பச்சைக் கறிக்கழிவு நாய்க்குப் போடாதீங்க. போட விடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை புழு மாத்திரை, நாடாப்புழுவுக்குக் கேக்குற மருந்தான்னு கேட்டு வாங்கிக் கொடுங்க.

13/
பூனை வேற கதை. பூனைய சின்ன நாய்னு நினைக்கிறதுதான் பெரிய தப்பு.
பூனை முழு மாமிசப் பிராணி. டாரின்னு ஒரு சத்து பூனைக்குச் சாப்பாட்டுல இருந்தே வந்தாகணும். மாமிசத்துல, மீன்ல இருக்கு. சோத்துல, பால்ல போதுமான அளவு கிடையாது. அது குறைஞ்சா கண் திரை கெட்டுக் குருடாகும், இதயம் வீங்கும். இதயம் வீங்குறதுக்கு இதுதான் காரணம்னு 1987ல தெரிஞ்ச பிறகுதான் பூனைத் தீனியில டாரினை இன்னும் கூட்டிச் சேர்த்தாங்க.
பால்சோறு தின்னு வளர்ற பூனை உயிரோட இருக்குன்னா, உங்க கண்ணுல படாம எலி, பல்லி, ஓணான் பிடிச்சுத் தின்னுதுன்னு அர்த்தம். அபார்ட்மென்ட்ல பூட்டி வச்சுப் பால்சோறு போட்டா தப்பிக்க வழியே இல்ல.

14/
பூனைக்கு வேளை: வளர்ந்ததுக்கு 2ல இருந்து 4 சின்ன வேளை. 8 பூனைய வச்சுச் செஞ்ச ஒரு ஆய்வுல ஒரே வேளை சாப்பிட்ட பூனை அதிகத் திருப்தியா இருந்துச்சுன்னு வந்திருக்கு. எட்டே பூனை. அத வச்சு ஊருக்குச் சட்டம் போட முடியாது. வேலைக்குப் போற வீட்டுக்குக் காலை, மாலை, படுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணுன்னு மூணு வேளை எளிது.
4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200-240 கலோரி. மீன், கோழி வேகவச்ச தண்ணியக் கொட்டாம அதோடயே கொடுங்க, டாரின் அதுலதான் இறங்கும். ஈரல் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போதும். உப்புக் கருவாடு வேணாம். பால் பல பூனைக்கு வயித்தால போகும்.

15/
ரெண்டு எச்சரிக்கை, பூனைக்கு மட்டும்.
ஒண்ணு: பூனை ரெண்டு நாள் சுத்தமா சாப்பிடலைன்னா காத்திருக்காதீங்க. குண்டுப் பூனைக்குப் பட்டினியிலயே கல்லீரல்ல கொழுப்பு ஏறிச் சாகும். "பட்டினி போட்டா வழிக்கு வரும்" பூனைகிட்ட செல்லாது.
ரெண்டு: பூனைக்கு உடம்பு சுடுதுன்னு பாராசிட்டமால் கொடுக்காதீங்க. அத முறிச்சு வெளியேத்துற வசதி பூனையோட கல்லீரலுக்குக் கிடையாது. ஒரு மாத்திரை போதும், செத்துரும். வீட்டு மருந்து டப்பாவ நாய், பூனைக்குத் திறக்கவே திறக்காதீங்க.

16/
இப்ப இடம். இதுலதான் சண்டையே.
வாசல்ல கொட்டின சோத்துக்கு உங்க நாய் மட்டும் வராது. பகல்ல பத்து நாய், ராத்திரி இருபது எலி. எலி வந்தா எலி மூத்திரம் வரும். மழைத் தண்ணியில அது கலந்தா, வெறுங்காலோட நடக்குற உங்க வீட்டு ஆளுக்கே எலிக்காய்ச்சல். சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து படுத்து ஐசியூவுக்கு வர்ற நோய் அது.
நாய்க்கு வச்ச சோறு நாய் தின்ன உடனே தட்டோட உள்ள போகணும். ராத்திரி வெளிய ஒரு பருக்கை இருக்கக் கூடாது.

17/
சோறு இருக்குற இடத்த நாய் தன் எல்லைன்னு நினைக்கும். உங்க வாசல் தெருவுல இருந்தா, தெருவே அதோட எல்லை. அந்த வழியா பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளை அதுக்குத் திருட்டுப்பய. நாய் திங்கும்போது கிட்டப் போன குழந்தை கடி வாங்குறது சாதாரணம். அந்தக் குழந்தை முகமும் நாயோட வாயும் ஒரே உயரத்துல இருக்கு. அதனாலதான் குழந்தைக்கு முகத்துல, கழுத்துல கடி. மூளைக்குப் பக்கத்துல கடின்னா ரேபீஸ் கிருமிக்குப் போகுற தூரம் கம்மி.
வீட்டு நாயா இருந்தாலும் திங்கும்போது குழந்தைய விடாதீங்க. தட்ட இழுத்து விளையாடுறத வீடியோ எடுக்காதீங்க.

18/
"அப்ப தெரு நாய் பட்டினி கிடந்து சாகட்டுமா?"
நான் அப்படிச் சொல்லல, சட்டமும் சொல்லல. 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெரு நாய்க்கு உணவு போடுறத அனுமதிக்குது. குழந்தைங்க விளையாடுற இடம், மாடிப்படி, ஆள் நடமாட்டம் உள்ள இடம் இல்லாம தனி இடம், தனி நேரம் குறிச்சுப் போடச் சொல்லுது. 2025 ஆகஸ்ட் 22ல டெல்லி நாய் வழக்குல உச்ச நீதிமன்றமும் கண்ட தெருவுல போடாதீங்க, வார்டு வாரியா இடம் ஒதுக்குங்கன்னு சொல்லுச்சு.
சோறு போடுற கைதான் நாயப் பிடிச்சுக் கொடுக்கவும் முடியும். ஒரே இடத்துல ஒரே நேரத்துல தின்னு பழகின நாயக் கருத்தடைக்கும் ஊசிக்கும் பிடிக்கிறது சுலபம். அதச் செய்யாம சோறு மட்டும் போட்டா அடுத்த வருஷம் குட்டிங்க எண்ணிக்கைதான் கூடும்.

19/
இந்தப் பதிவுல ஒண்ணே ஒண்ணு மட்டும் படிக்கிறதா இருந்தா இதப் படிங்க.
நேரத்துக்குத் தின்னு பழகின நாய் ஒரு நாள் தின்னலைன்னா உங்களுக்கு அன்னைக்கே தெரியும். தெருவுல கண்டதத் தின்னுற நாய் மூணு நாள் தின்னலைன்னாலும் தெரியாது.
ரேபீஸ் வந்த நாய்க்கு ஆரம்பத்துல நடக்குறது இதுதான்: சாப்பாடு எடுக்காது, இல்லைன்னா மண்ணு, குச்சி, துணின்னு கண்டதக் கடிக்கும். குரல் மாறும். தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது. எல்லா ரேபீஸ் நாயும் வெறி பிடிச்சு ஓடாது. மூலையில சுருண்டு படுக்குற வகையும் உண்டு.
நாம என்ன பண்றோம்? "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு"ன்னு வாய்க்குள்ள கைய விட்டுத் துழாவுறோம்.
விடாதீங்க. எச்சில் ஒழுகி விழுங்க முடியாத நாய் வாய்க்குள்ள எந்தக் காரணத்துக்கும் கை விடாதீங்க. தனியா கட்டிப்போட்டு, கிட்டப் போகாம கால்நடை மருத்துவர்கிட்ட சொல்லுங்க. ஏற்கனவே கை விட்டிருந்தா, எச்சில் புண்ணுல பட்டிருந்தா, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

20/
நம்ம நாட்டுல ரேபீஸ்ல வருஷத்துக்குச் சுமார் 5,700 பேர் சாகுறாங்கன்னு ஐசிஎம்ஆர் மதிப்பீடு. உலகச் சுகாதார நிறுவனத்தோட பழைய மதிப்பீடு இதவிட மூணு மடங்கு. எதக் கணக்கு வச்சாலும் ஒவ்வொண்ணும் தடுத்திருக்கக் கூடிய சாவு. அறிகுறி வந்த பிறகு எங்ககிட்ட மருந்து இல்ல. கைய கட்டிக்கிட்டு நிக்கிறோம்.
கடிச்சா, பிராண்டினா: ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மிளகாப்பொடி, மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேணாம். அரசு ஆஸ்பத்திரியில ஊசி இலவசம்: முதல் நாள், 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வர்ற கடின்னா காயத்துலயே போடுற இம்யூனோகுளோபுலினும் கேட்டு வாங்குங்க.
கடிச்ச நாய 10 நாள் பார்க்கணும்கிறது ஊசியத் தள்ளிப் போட இல்ல. ஊசி உடனே ஆரம்பிக்கணும். நாயையும் பார்க்கணும். தினமும் ஒரே தட்டுல திங்குற நாயத்தான் 10 நாள் பார்க்க முடியும்.

21/
வரப்போற கமெண்டுகளுக்கு இப்பவே பதில்.
"எங்க தாத்தா காலத்துல மிச்சச் சோறுதான், நாய் ஜம்முன்னு இருந்துச்சு." தாத்தா காலத்துல எத்தனை நாய் எத்தனை வயசுல செத்துச்சுன்னு யார் எண்ணினா? ஒண்ணு போனா அடுத்தது வந்துச்சு, அவ்வளவுதான்.
"கூலிக்குப் போறவங்ககிட்ட கோழி, முட்டைங்கிறீங்களே?" நியாயமான கேள்வி. சமைச்சதுல வெங்காயம், மசாலா போடுறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி எடுத்து வைங்க. கோழிக்கடையில மலிவா கிடைக்குற தலை, ஈரல், கல்லீரல்பைய வாங்கி, எலும்ப நீக்கி வேகவச்சுக் கலங்க. நேரமும் இடமும் இலவசம்தான?
"பகல் பூரா ஆபீஸ்ல இருக்கோம் அண்ணாச்சி, எப்படிப் பார்க்குறது?" அதுக்குத்தான் ரெண்டு வேளை. கீழ படிங்க.

22/
விஸ்வநத்தத்துக்கு ஒரு அட்டவணை:
காலை 6: கட்டின கயித்தோட வெளிய ஒரு நடை. வந்து முதல் வேளை. 20 நிமிஷத்துல தட்டு உள்ள. தண்ணி நிழல்ல.
பகல்: கேட்டுக்கு உள்ள. அவுத்து விடுறது கிடையாது.
சாயங்காலம் 6: நீங்க வந்ததும் முதல்ல கை, கால் கழுவி உடுப்ப மாத்துங்க. மருந்து பட்ட கையோட தட்டத் தொடாதீங்க. அப்புறம் இன்னொரு நடை, ரெண்டாவது வேளை.
ரசாயனம் வந்த காலி டப்பாவ நாய்க்குத் தண்ணித் தொட்டியா வைக்காதீங்க, எத்தனை தடவை கழுவியிருந்தாலும். தண்ணியில கரையுற பேரியம் உப்பு விஷம்.
தீபாவளி அன்னைக்கு வெடிக்க அனுமதிச்ச நேரம் காலை 6-7, ராத்திரி 7-8. அன்னைக்கு மட்டும் காலை வேளைய 8 மணிக்கும் மாலை வேளைய 5 மணிக்கும் மாத்திக்கோங்க. நடுங்குற நாய்க்கு ஊட்டி விடாதீங்க.

23/
குட்டிக்கு 3 மாசத்துல ரேபீஸ் ஊசி, டாக்டர் சொல்ற நாள்ல அடுத்தது, அப்புறம் வருஷா வருஷம். பூனைக்கும் சேர்த்துத்தான். பூனை கடிச்சாலும், பிராண்டினாலும் ரேபீஸ் வரும். கருத்தடை செஞ்சுருங்க. இதெல்லாம் முடியாது, வாசல்ல சோறு கொட்ட மட்டும்தான் முடியும்னா தயவுசெஞ்சு வளர்க்காதீங்க. அதுல ஒரு அவமானமும் இல்ல.
நாயப் பட்டினி போடுங்கன்னு நான் ஒரு இடத்துலயும் சொல்லல. நேரத்துக்கு, அளந்து, உள்ள வச்சுப் போடுங்கன்னுதான் சொல்றேன். உங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல 19ஆம், 20ஆம் பதிவையாவது போட்டு விடுங்க.